66.67 சதவீதம் சொன்ன பொய்

இன்னைக்கு எபிசோட் ஒரே ஒரு எண்ணைப் பத்தினது: 66.67%. 2008-க்கு முன்னாடி ஃபோட்டோஷாப்ல வேலை பார்த்த யாராவது தெரிஞ்சவங்க இருந்தா கேட்டுப் பாருங்க. "அந்த ஜூம்ல வச்சு மட்டும் ஷார்ப்பன் பண்ணாதே"ன்னு சொல்வாங்க. ஏன்னு புரியணும்னா 1984-க்குப் போகணும்.

அந்த வருஷம் முதல் மேக்கின்டாஷோட மேக்பெயின்ட் வந்தது, பில் அட்கின்சன் எழுதினது. ஓவியப் பக்கம் 576-க்கு 720 பிக்சல். மொத்தத் திரையே 512-க்கு 342தான். அதனால பக்கத்துல ஒரு பகுதிதான் எப்பவும் கண்ணுக்குத் தெரியும். மீதியைப் பார்க்க ஒரு கை ஐகானால பக்கத்தைப் பிடிச்சு இழுக்கணும். இன்னைக்கும் ஃபோட்டோஷாப்ல இருக்கிற அதே கை! நுணுக்கமான வேலைக்கு ஃபேட்பிட்ஸ்னு ஒரு முறை. ஒவ்வொரு பிக்சலும் எட்டு மடங்கு பெரிய கட்டமா தெரியும், மூலையில ஒரு சின்னப் பெட்டி நிஜ அளவைக் காட்டும். எட்டு மடங்கு, முழு எண். அதனால கணக்குல எந்தச் சிக்கலும் இல்லை.

1990-ல தாமஸ் நோல், ஜான் நோல் சகோதரர்களோட ஃபோட்டோஷாப்பை அடோபி வெளியிட்டது. 1996-ல வந்த 4.0 பதிப்புல நேவிகேட்டர்: படம் முழுக்க ஒரு குட்டி வரைபடமா தெரியும், நீங்க பார்த்துட்டு இருக்கிற இடத்தைச் சுத்தி ஒரு சிவப்புக் கட்டம். அதோட அருமை டிஜிட்டல் கேமரா காலத்துலதான் புரிஞ்சது. 3072-க்கு 2048 பிக்சல் படத்தை 1024-க்கு 768 திரையில 100% ஜூம்ல திறந்தா, எட்டுல ஒரு பங்குதான் தெரியும். கல்யாண குரூப் போட்டோன்னா மாப்பிள்ளை வீட்டார் மட்டும்னு வச்சுக்கோங்க.

முழுப் படமும் பார்க்க ஜூமைக் குறைக்கணும். சிக்கல் இங்கதான். 50%-ன்னா நாலு பிக்சலை ஒண்ணாக் கலந்தா போதும். 66.67%-ல மூணு பிக்சல் இருக்கிற இடத்துல ரெண்டைக் காட்டணும். ஒழுங்கா கலந்து காட்ட நேரமாகும், அன்றைய பிராசசருக்கு அது பாரம். அதனால ஃபோட்டோஷாப் அவசரக் கணக்கு போட்டது. சாய்வான கோடெல்லாம் படிக்கட்டு மாதிரி ஆகும். படத்துல இல்லாத கரகரப்பு திரையில தெரியும். அதைப் பார்த்துத் திருத்தினவங்களோட படம் அச்சுல வேற மாதிரி வந்து நிக்கும்.

இதுக்கான விடை ஏற்கெனவே இருந்தது. 1983-லயே லான்ஸ் வில்லியம்ஸ் மிப்மேப்னு ஒரு உத்தி எழுதிட்டார். படத்தைப் பாதி, கால், அரைக்கால் அளவுகள்ல நகல் எடுத்து வச்சுக்கணும். எந்த ஜூம் கேட்டாலும் பக்கத்து நகல்கள்ல இருந்து கலந்து எடுக்கலாம். எத்தனை நகல் வச்சாலும் கூடுதல் மெமரி மூலப்படத்துல மூணுல ஒரு பங்கைத் தாண்டாது. கால், பதினாறுல ஒண்ணு, அறுபத்திநாலுல ஒண்ணுன்னு கூட்டிப் பாருங்க. கிராபிக்ஸ் கார்டுகள் இதைக் கேம்களுக்காகப் பல வருஷமா செஞ்சிட்டுதான் இருந்தன.

2008-ல சிஎஸ்4 படத்தைத் திரையில காட்டுற வேலையை அந்தக் கார்டுகிட்ட ஒப்படைச்சது. எந்தச் சதவீதத்துலயும் வழவழப்பான ஜூம். 500%-க்கு மேல போனா பிக்சல்களுக்கு நடுவே மெல்லிய கட்டக்கோடு. எச் விசையை அழுத்திக்கிட்டே மவுஸைக் கிளிக் பண்ணிப் பிடிச்சா முழுப் படமும் விலகித் தெரியும். வேற இடத்துக்கு நகர்த்தி விட்டா அங்கேயே போய் இறங்கும். லேயர்ஸ் வந்ததைத்தான் எல்லாரும் கொண்டாடுவாங்க. என்னைக் கேட்டா, தினசரி வேலையில கண்ணை நம்ப வச்சது இந்தப் பதிப்புதான். ஆனா தகுந்த கார்டு இல்லாத கம்ப்யூட்டர்ல இந்த வசதிகள் வேலை செய்யாது. அவங்களுக்கு 66.67% பழைய 66.67%தான்.

அவங்க 100%-ஐ நம்பினாங்க. அங்க மட்டும் படத்தோட ஒரு பிக்சலுக்குத் திரையில ஒரு பிக்சல். 2012-ல ரெட்டினா திரையோட மேக்புக் ப்ரோ வந்தது. அதே அகலத்துல ரெண்டு மடங்கு பிக்சல். அந்த வருஷக் கடைசியில ஃபோட்டோஷாப்பும் அதுக்கு ஏத்த மாதிரி மாறினதும், 100%-ல திறந்த வெப்சைட் டிசைன் பாதி அகலத்துக்குச் சுருங்கிப்போச்சு. பழைய திரையில தெரிஞ்ச அளவு வேணும்னா டிசைனர்கள் இப்போ 200% வைக்கணும்.