கடல் கடந்த ஆடற்குழுக்கள்

கடலைக் கடந்து வாழ வந்தவர்களுக்குக் கடற்பயணத்தின் அருமையை எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறி, ஏறத்தாழ மூன்று நாட்கள் அலைகளின்மீது மிதந்து அந்தமானை அடைந்த குடும்பங்கள் பல. 2024ஆம் ஆண்டில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பெற்ற போர்ட் பிளேயர் நகரில், விமான நிலையத்தை அடுத்த லம்பா லைன் பகுதியில் வாழும் நேயர்கள் இதனை நன்கு அறிவார்கள். ஊரைவிட்டுப் புறப்படுகின்றவன் பெட்டியில் துணிமணிகளை வைக்கின்றான். பாட்டும் கூத்தும் அவன் நெஞ்சிலே கூடவே வருகின்றன. ஆயின், கலை ஒன்றையே பொருளாகக் கொண்டு அயல்நாட்டு அரங்கங்களுக்குக் குழுவாகச் சென்ற தமிழரும் உண்டு. அவர்களுள் இரு குழுவினரின் வரலாற்றை இங்கே நாம் ஒப்பிட்டுக் காண்போம். இருவருக்கும் இடையே உள்ள காலம் 125 ஆண்டுகள்.

முதற் குழு புறப்பட்டது 1838ஆம் ஆண்டில். கடலூருக்கு அண்மையில் உள்ள திருவந்திபுரத்தைச் சேர்ந்த ஆடல் மகளிர் ஐவரும் இசைவாணர் மூவரும், தார்திவேல் என்னும் பிரெஞ்சுக்காரரோடு புதுச்சேரியில் ஒப்பந்தம் செய்துகொண்டு கப்பலேறினர். சூயஸ் கால்வாய் திறக்கப்பெற்றது 1869ஆம் ஆண்டிலேயே ஆகலின், அக்காலத்துக் கப்பல்கள் ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றித்தான் ஐரோப்பாவை அடைய வேண்டும். மாதக்கணக்கான பயணம் அது. ஆடல் மகளிருள் மூத்தவருக்கு வயது முப்பது. மிக இளையவளோ ஆறு வயதுச் சிறுமி! பதினெட்டு வயதான அம்மணி என்பவர் எல்லோர் கண்ணையும் கவர்ந்தவர். ராமலிங்கம், தேவநாயகம் என்போர் இசைவாணருள் இருவர்.

அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்தில் பாரிஸ் நகரின் வாரியத்தே நாடக அரங்கில் அவர்கள் ஆடினர். அக்டோபரில் இலண்டன் அடெல்பி அரங்கில் ஆடினர். கூட்டம் திரண்டது. தியோபில் கோத்தியே என்னும் பிரெஞ்சு எழுத்தாளர் வியந்து எழுதினார். பார் என்னும் சிற்பி அம்மணியின் உருவத்தை வெண்கலத்தில் வடித்தார். இவை பெருமைகளே. எனினும், அவ்வரங்குகளில் நம்மவர் ஆட்டம் வேறு நாடகங்களுக்கு இடையே வைக்கப்பெற்ற ஒரு காட்சியாகவே அமைந்தது. 'பயதேர்' என்று பிரெஞ்சு மக்கள் அவர்களை அழைத்தனர். ஆடுபவள் என்று பொருள்படும் போர்த்துகீசியச் சொல்லின் திரிபு அது. அதே பெயர் தாங்கிய இசைநாடகம் ஒன்று 1830ஆம் ஆண்டிலேயே பாரிஸில் நடிக்கப்பெற்றுப் புகழ் அடைந்திருந்தது. ஆகவே, பார்க்க வந்தவர்கள் தாம் முன்பே கற்பனை செய்திருந்த கீழ்த்திசை மங்கையரைத் தேடியே வந்தனர். அபிநயத்தின் பொருள் யாது, தாளத்தின் கணக்கு யாது, இவற்றைக் கற்பித்த ஆசான் யாவர் என்று கேட்டோர் மிகச் சிலரே.

இனி, இருபதாம் நூற்றாண்டுக்கு வருவோம். இடைக்காலத்தில் தாய்நாட்டிலேயே அக்கலை பெரும் சோதனைக்கு உள்ளாயிற்று. பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தை ஒழிக்க டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி முதலியோர் போராடினர்; 1947ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்தில் அதற்கெனச் சட்டம் நிறைவேறிற்று. சிறுமியரின் வாழ்வைக் காத்த சட்டம் அது என்பதில் ஐயமில்லை. ஆனால், தலைமுறை தலைமுறையாகக் கலையைக் காத்துவந்த குடும்பங்கள் பிழைப்பையும் மதிப்பையும் ஒருங்கே இழந்தன என்பதும் மறுக்கவொண்ணாத உண்மை.

அத்தகைய மரபில் வந்தவரே தஞ்சாவூர் பாலசரஸ்வதி. வீணை தனம்மாளின் பேத்தி. நட்டுவனார் கந்தப்பாவின் மாணவி. 1961ஆம் ஆண்டில் டோக்கியோவில் நடைபெற்ற கீழ்த்திசை மேல்திசை இசைச் சந்திப்பில் அவர் ஆடினார். 1962இல் அமெரிக்க நாட்டில் ஆடினார். 1963இல் ஸ்காட்லாந்தின் எடின்பரோ விழாவுக்கு அழைக்கப்பெற்றார்.

இரண்டாம் உலகப்போர் முடிந்தபின், 1947ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது எடின்பரோ விழா. 1963இல் அதன் இயக்குநராயிருந்த ஹேர்வுட் பிரபு இந்தியக் கலைக்குச் சிறப்பிடம் வகுத்தார். ரவி சங்கரும் அலி அக்பர் கானும் அங்கே வாசித்தனர், எம். எஸ். சுப்புலட்சுமி பாடினார், பாலசரஸ்வதி ஆடினார். மதுரை வீணைக் கலைஞர் சண்முகவடிவின் மகள் ஒருவர். தனம்மாளின் பேத்தி மற்றொருவர். தாய்வழியாகக் கலையைப் பெற்ற தமிழ்ப் பெண்கள் இருவர், உலகின் தலைசிறந்த இசைவாணரோடு ஒரே விழாவில் வரிசையாக நின்றதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

அங்கே அவர்கள் சொந்தப் பெயரால் அறிமுகம் செய்யப்பெற்றனர். பாலசரஸ்வதி மேல்நாட்டார் சுவைக்கெனத் தம் ஆடலைக் குறுக்கவில்லை. பதத்தைப் பதமாகவே ஆடினார். அவருடைய தம்பியர் இருவரும் அக்கலையின் அடிப்படையாகிய இசையை அமெரிக்க மாணவர்க்குப் பயிற்றுவித்தனர். மிருதங்கக் கலைஞர் ரங்கநாதன் 1963ஆம் ஆண்டிலேயே வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் பணியேற்றார்; புல்லாங்குழற் கலைஞர் விசுவநாதன் பின்னர் அங்கேயே பேராசிரியராக விளங்கினார். கண்டு களித்தவர்கள் கற்கவும் முன்வந்தனர். சென்னை மியூசிக் அகாதெமி பாலசரஸ்வதிக்குச் சங்கீத கலாநிதி விருதை வழங்கியதோ 1973ஆம் ஆண்டிலேதான். ஆடற்கலைஞர் ஒருவருக்கு அவ்விருது கிடைத்தது அதுவே முதன்முறை.

1838இல் சென்றவர்களின் ஆடல் தரத்தில் தாழ்ந்தது என்று கருத இடமில்லை. அவர்களை அழைத்துச் சென்றவர் வருவாயை நாடினார். காண வந்தவர் புதுமையை நாடினர். 1963இல் அழைத்தவர் கலையை அறிந்து அழைத்தார். விருந்தினராகச் செல்வதற்கும் வேடிக்கைப் பொருளாகச் செல்வதற்கும் உள்ள வேறுபாடு இதுவே.

பிறமாநிலங்களில் வாழும் நமக்கு இதில் ஒரு பாடம் உண்டு. நம் பிள்ளைகள் அயலார் கூடும் மேடையில் ஆடும்போதும் பாடும்போதும், கற்பித்தவர் பெயரைச் சொல்லுவோம்; மிருதங்கம் வாசிப்பவர் பெயரையும் தாளமிடுபவர் பெயரையும் சொல்லுவோம்; பாட்டின் பொருளை அந்த ஊர் மொழியிலே இரண்டு வாக்கியங்களில் விளக்குவோம். திருவந்திபுரத்திலிருந்து சென்ற எண்மருக்கும் கிடைக்காத அந்தச் சிறு மரியாதையை, நம் மேடைகளில் நாமே வழங்குதல் கூடும்.