நெஞ்சுப் படபடப்புக்கு ஒரு வரலாறு

இருட்ட ஆரம்பித்தால் அம்மாவுக்கு நெஞ்சு படபடக்கும். கை சில்லிட்டு, மூச்சு முட்டி, "உசுரு போயிரும் போலருக்குடா" என்று திண்ணையில் சாய்ந்துவிடும். ஊர்க்காரர்கள் எங்கள் தெருவுக்குள் புகுந்து கூரைகளைக் கொளுத்திய ராத்திரிக்குப் பிறகு வந்த நோய் அது. நான் அப்போது நாலாவது படித்தேன். காத்துக்கருப்பு என்று கோடாங்கி வேப்பிலை அடித்தார். ஆஸ்பத்திரியில் நெஞ்சைப் படமெடுத்துப் பார்த்து, "ஒண்ணுமில்ல, போம்மா" என்றார்கள். நானும் வளர்ந்து இயக்கத்துக்கு வந்தபின் சொன்னேன்: "போராடுறவனோட அம்மா பயப்படலாமா?"

இந்த மூன்று பதிலுமே தப்பு. அது விளங்க வரலாறு படிக்க வேண்டியிருந்தது.

அமெரிக்க உள்நாட்டுப் போரின் சிப்பாய்களுக்கும் இதே படபடப்பு, இதே மூச்சு முட்டல் வந்தது. இருதயத்தில் பழுது தெரியவில்லை. டகோஸ்டா என்ற மருத்துவர் 1871இல் அதைப் பதிவு செய்தார். 1980இல்தான் அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடு பதற்றநோயைத் திடீர்ப் பீதி என்றும் ஓயாத பதற்றம் என்றும் பிரித்தது. வன்முறைக்குப்பின் தங்கிவிடும் மன அதிர்ச்சியும் அதே கையேட்டில்தான் தனி நோயாகப் பேர் பெற்றது.

ஆனால் யாருக்கு என்ன பேர் வைப்பது என்பதை அதிகாரம்தான் பலமுறை முடிவு செய்திருக்கிறது. அடிமைகள் தப்பி ஓடுவதே மனநோய் என்று 1851இல் கார்ட்ரைட் என்ற அமெரிக்க மருத்துவர் எழுதினார். அவர் சொன்ன வைத்தியம் சவுக்கடி. முதல் உலகப்போரில் ஓடிப்போனவன், கோழை என்றெல்லாம் சொல்லி பிரிட்டிஷ் படை தன் சிப்பாய்களையே சுட்டுக் கொன்றது. போரில் மனம் உடைந்தவர்களும் அவர்களில் இருந்தார்கள். 306 பேருக்கு 2006இல் மன்னிப்பு வந்தது. செத்தவனுக்கு மன்னிப்பு எதற்கு?

நம் மண்ணிலும் நடந்தது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநோயாளிகள் காப்பகம் ஒன்று தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டிக் கிடந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டார்கள். நோயாளியைச் சங்கிலியில் கட்டக்கூடாது என்று 2017 மனநலச் சட்டம் சொல்கிறது.

அம்மாவுக்கு வைத்தியம் கிடைக்கப் பதினைந்து வருஷம் ஆனது. 1963இல் சந்தைக்கு வந்த டயஸெபாம் உடனே அடக்கும். தொடர்ந்து போட்டால் பழக்கமாகிவிடும். மனச்சோர்வுக்குத் தரும் மாத்திரைகளில் சில பதற்றத்துக்கும் கேட்கும். ஆனால் பலன் தெரியச் சில வாரம் ஆகும், நாமாக நிறுத்தக்கூடாது. கூடவே பேச்சு வைத்தியம். பயந்த இடத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்ப் பழகச் சொல்வார்கள். முதல் வாரம் அம்மா வாசல்வரை போனது. அப்புறம் தெருமுனை.

தெருமுனையில் நின்று அம்மா என்னைக் கேட்டது: "நான் பயப்படாம இருந்துக்கிறேன். அவுங்க மறுபடி வரமாட்டாங்கன்னு எந்த டாக்டர்டா சொல்லுவாரு?"

அதற்கு மாத்திரை கிடையாது. அது நம் வேலை. ஆனால் தோழர்களே, அந்த வேலை முடியும்வரை யாரும் மூச்சு முட்டிக் கிடக்க வேண்டியதில்லை. படபடப்பு என்று ஒருவர் நம்மிடம் வந்தால் "தைரியமா இரு" என்று சொல்லி அனுப்பிவிடாதீர்கள். கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.