நான்காவது வருடம் எங்கிருந்து வந்தது?

அமெரிக்காவில் எமர்ஜென்சி மருத்துவம் படிக்கப் போகிற பிள்ளைகள் என்னைப் பார்த்ததும் கேட்பது ஒன்றுதான்: "அங்கிள், மூணு வருஷ ரெசிடென்சியா, நாலு வருஷமா?" ஊரையும் சம்பளத்தையும் வைத்துப் பதில் சொல்வேன் என்று காத்திருப்பார்கள். நானோ 1961க்குப் போய்விடுவேன்.

அந்த வருடம் வர்ஜீனியாவின் அலெக்சாண்ட்ரியா மருத்துவமனையில் ஜேம்ஸ் மில்ஸ் என்ற டாக்டர் சொந்த பிராக்டீஸை மூடினார். இன்னும் மூன்று பேரைச் சேர்த்துக்கொண்டு, இரவு பகலாக எமர்ஜென்சியை மட்டுமே பார்க்கத் தொடங்கினார். அதற்கு முன் அமெரிக்காவில் இருந்ததும் கிட்டத்தட்ட நம் ஊர் கேசுவாலிட்டிதான். நான் மதுரையில் ஹவுஸ் சர்ஜனாக இருந்தபோது யாருக்கு டியூட்டியோ அவர் வந்து உட்காருவார். அங்கேயும் முறை வந்தால் தோல் டாக்டரும் மாரடைப்பைப் பார்த்தாக வேண்டும்.

1968இல் மிச்சிகனில் எமர்ஜென்சி டாக்டர்கள் சங்கம் அமைத்தார்கள். 1970இல் சின்சினாட்டியில் இந்தத் துறைக்கான முதல் ரெசிடென்சி (மருத்துவமனையில் வேலை பார்த்தபடியே பெறும் சிறப்புப் பயிற்சி) பிறந்தது. முதல் ரெசிடென்ட் புரூஸ் ஜானியாக். அவருக்குச் சொல்லிக்கொடுக்க அந்தத் துறையில் பயிற்சி பெற்ற ஓர் ஆள்கூட அமெரிக்காவில் கிடையாது. அறுவை சிகிச்சைக்காரர், குழந்தை மருத்துவர் என்று ஒவ்வொருவரிடமும் போய்க் கற்றுக்கொள்ள வேண்டியதுதான். இரண்டே வருடம். 1972இல் முடித்து வெளியே வந்தார்.

இரண்டு வருடம் போதுமா என்று இன்றைய பிள்ளைகள் சிரிக்கிறார்கள். அந்தக் காலத்தில் இன்டர்ன்ஷிப் தனி வருடம் என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள். அதை முடித்துவிட்டுத்தான் ரெசிடென்சி. 1975இல் தனி இன்டர்ன்ஷிப் ஒழிந்தது. அந்த ஒரு வருடத்தை எங்கே வைப்பது என்பதில்தான் குழப்பம். சிலர் அதை உள்ளே இழுத்துக்கொண்டு மூன்று வருடமாக முடித்தார்கள். சிலர் முதல் வருடத்தை வேறு துறையில் முடித்துவிட்டு வா, அப்புறம் இங்கே மூன்று என்றார்கள், ஆக நான்கு. இன்னும் சிலர் நான்கையும் தாங்களே வைத்துக்கொண்டார்கள். ஆஸ்டியோபதி என்ற தனி மருத்துவப் பிரிவின் கல்லூரிகள் பழைய இன்டர்ன்ஷிப்பை விடாமல் அதன் மேல் மூன்று வருடம் ஏற்றின. யாரும் உட்கார்ந்து, இந்த வைத்தியத்தைக் கற்க இத்தனை மாதம் வேண்டும் என்று அளந்து பார்த்ததாக எனக்குத் தோன்றவில்லை. பழைய வீட்டின் திண்ணையைப் புது வீட்டுக்குள் சேர்ப்பதா, வெளியே விடுவதா என்பது போன்ற கணக்கு அது.

1979இல் எமர்ஜென்சி மருத்துவம் 23ஆவது சிறப்புத் துறையாக அங்கீகாரம் பெற்றது. வேடிக்கை என்னவென்றால், ஐந்து வருடத்தில் 7,000 மணி நேரம் எமர்ஜென்சியில் வேலை பார்த்திருந்தால் ரெசிடென்சியே இல்லாமல் போர்டு தேர்வு எழுதலாம் என்று ஒரு வழி இருந்தது. 1988இல் அதை மூடினார்கள். மூன்று வருடம் படித்தவரும், நான்கு வருடம் படித்தவரும், ஒரு வருடம்கூடப் படிக்காதவரும் வாங்கியது ஒரே சான்றிதழ்தான்.

சின்சினாட்டியில் இப்போது நான்கு வருடம், டென்வரிலும் அப்படியே. நாட்டில் ஐந்தில் நான்கு ப்ரோகிராம் மூன்று வருடம். நான்குக்காரர்கள் அல்ட்ராசவுண்ட், ஆராய்ச்சி, தீவிர சிகிச்சை என்று அடுக்குவார்கள். அதில் நியாயம் உண்டு. ஆனால் வேலை தெரிந்த ஒரு டாக்டர் ரெசிடென்ட் சம்பளத்துக்கு இன்னும் ஒரு வருடம் கிடைத்தால் எந்த மருத்துவமனைக்குக் கசக்கும்?

2025 பிப்ரவரியில் பயிற்சிகளுக்கு அங்கீகாரம் தரும் அமைப்பு, எல்லா ப்ரோகிராமும் 48 மாதம் நடக்க வேண்டும் என்று ஒரு வரைவை வெளியிட்டது. இத்தனைக்கும் இரண்டு வருடம் முன்புதான், 2023இல், ரெசிடென்சி இடங்களை ஒதுக்கும் 'மேட்ச்' முறையில் இந்தத் துறையின் 554 இடங்கள் நிரம்பாமல் கிடந்தன. நம் ஊரில் 2009இல் இந்தப் படிப்பு எம்.டி.யாக அங்கீகாரம் பெற்றபோது இந்தச் சண்டைக்கே இடமில்லை. எம்.டி. என்றால் மூன்று வருடம், அவ்வளவுதான்.

பிள்ளைகள் விடமாட்டார்கள். "சரி அங்கிள், எதைப் போடட்டும்?" நான்காவது வருட ரெசிடென்டைத் தேடிப் பிடித்து, போன மாதம் என்ன வேலை செய்தாய் என்று கேள் என்பேன். ஜூனியர்களை வைத்துக்கொண்டு வார்டை நானே நடத்தினேன் என்றால் போ. மூன்றாம் வருடம் செய்ததையே செய்தேன் என்றால், அந்த ஒரு வருடச் சம்பளத்தைக் கடன் அடைக்க வைத்துக்கொள்.