முத்துச் சல்லடையும் செயற்கை நுண்ணறிவும்



போன வாரம் என் பழைய மாணவர் ஒருவர் மகளோடு வீட்டுக்கு வந்திருந்தார். அவள் கல்லூரியில் முதலாண்டு படிக்கிறாள். "தாத்தா, செயற்கை நுண்ணறிவுப் பாடம் எடுத்திருக்கேன். மெஷின் எப்படிக் கத்துக்குதுன்னே புரியல" என்றாள். நானோ சரித்திர வாத்தியார். எனக்குத் தெரிந்த முத்துச் சலாபத்தை வைத்துச் சொன்னேன். நீங்களும் கேளுங்கள்.

மன்னார் வளைகுடாவில் எடுத்த முத்துகளை அளவு பிரிக்க 10 பித்தளைச் சல்லடைகள் வைத்திருந்தார்கள். முதலாவதில் 20 துளை, கடைசியில் 1000 துளை. எந்தச் சல்லடையில் முத்து தங்குகிறதோ அதுவே அதன் அளவு. இதற்கு விதி போதும். 1956-ல் அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் நடந்த கூட்டத்தைத்தான் செயற்கை நுண்ணறிவுத் துறையின் தொடக்கம் என்பார்கள். அதன்பின் பல ஆண்டுகள் பெரும்பாலும் சல்லடை வேலைதான் நடந்தது. 'இப்படி இருந்தால் இதைச் செய்' என்று மனிதர் விதி எழுதிக் கொடுப்பார்கள், கணினி செய்யும்.

ஆனால் ஆணிமுத்து எது? அதன் ஒளிக்கும் நிறத்துக்கும் துளை போட முடியாது. ஆயிரக்கணக்கில் பார்த்துப் பார்த்துத்தான் வியாபாரியின் கண் பழகும். இன்றைய இயந்திரக் கற்றலும் அப்படித்தான். 2012-ல் பேர் வாங்கிய அலெக்ஸ்நெட், பெயர் குறித்த சுமார் 12 லட்சம் படங்களைப் பார்த்துப் பழகியது. தவறும்போதெல்லாம் தன்னுள் இருக்கும் எண்களைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்திக்கொண்டது. நாய்க்கு இதுதான் அடையாளம் என்று யாரும் விதி எழுதித் தரவில்லை.

"அப்போ நிறையப் பார்த்தா போதுமா தாத்தா?"

"போதாதும்மா" என்றேன்.

சலாபம் அறிவிக்கும் முன், பாரில் இருந்து மாதிரிச் சிப்பிகளை எடுத்துத் திறந்து, கிடைத்த முத்தை மதிப்பிடுவார்கள். பார்த்ததை வைத்துப் பார்க்காததை ஊகிப்பது. இயந்திரம் செய்வதும் அதுவே. 1905-ல் எதிர்க்கரையில், இலங்கையின் மரிச்சுக்கட்டியில் நடந்த சலாபத்தில் சுமார் 8 கோடிச் சிப்பிகள் கிடைத்தன. அந்தச் செழிப்பை நம்பி, மறு ஆண்டே ஓர் ஆங்கிலேயக் கம்பெனி ஆண்டுக்கு 3,10,000 ரூபாய் என்று 20 ஆண்டுக்குக் குத்தகை எடுத்தது. 1907-க்குப் பிறகு பல ஆண்டுகள் சலாபமே நடக்கவில்லை. குத்தகைக் காலம் முடியும் முன்பே கம்பெனி கலைந்தது. அவர்கள் பார்த்த கணக்கு பொய்யில்லை. கடல்தான் மாறிவிட்டது.

நம் தூத்துக்குடியிலும் 1955 முதல் 1961 வரை சலாபம் நடந்தது. அதோடு சரி.

நாளை வங்கிக் கடனையோ நோயையோ இயந்திரம் கணித்துச் சொல்லும். அப்போது மூன்று கேள்வி கேள் என்றேன். எந்தக் கடலில் எடுத்த மாதிரி? எப்போது எடுத்தது? கணிப்புத் தப்பினால் நஷ்டம் யாருக்கு? சலாபத்தில் குளியாளுக்குக் கூலியே சிப்பியில் ஒரு பங்குதான். சிப்பி இல்லையென்றால் அவன் வீட்டில் அடுப்பு எரியாது. பிள்ளை நோட்டில் குறித்துக்கொண்டாள்.

உங்களுக்கும் ஒரு வீட்டுப்பாடம். 1961 சலாபத்தைக் கண்ணால் கண்ட பெரியவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால், அவர்கள் சொல்வதைத் தமிழில் எழுதி வையுங்கள். நாம் எழுதி வைக்காததை எந்த இயந்திரமும் கற்றுக்கொள்ள முடியாது.