பெங்களூரில் மறுஆக்கப் பேய்ப்படங்கள்

ஒரு மொழியில் பேர்பெற்ற பேய்ப்படத்தை நடிகரையும் மொழியையும் மாற்றி மீண்டும் எடுப்பதும், கதையை முன்பே அறிந்தவர்கள் அதை மறுபடியும் போய்ப் பார்ப்பதும் பெங்களூரின் நெடுநாளைய திரைப் பழக்கம். மேலைநாடுகளில் திரும்பத் திரும்ப எடுக்கப்படுபவை டிராகுலா, ஃபிராங்கன்ஸ்டைன், மம்மி, ஓநாய் மனிதன் போன்ற உருவங்களின் கதைகள். தென்னிந்தியாவில் அந்த இடத்தில் நிற்பவள் பெரும்பாலும் ஒரு பெண். அநியாயமாகக் கொல்லப்பட்டவள், அல்லது காதல் நிறைவேறாமல் இறந்தவள். தனக்குரியதைக் கேட்டுத் திரும்பி வருகிறவள்.

மறுஆக்கம் என்பதன் எல்லையை வரையறுப்பது எளிதன்று. தமிழ் இலக்கண மரபு நூல்களை முதல்நூல், வழிநூல், சார்புநூல் என வகுக்கும். இப்படங்களுக்கும் அந்தப் பாகுபாடு நன்றாகவே பொருந்தும். எது முதல்நூல் என்பதில்தான் பிணக்கு.

பின்புலம்

பிறமொழிப் படங்களைக் கன்னடத்தில் டப்பிங் செய்து வெளியிடக்கூடாது என்ற கட்டுப்பாடு 1960-களில் எழுந்த போராட்டத்தின் விளைவு. இதற்கென்று சட்டம் எதுவும் இருக்கவில்லை. திரைத்துறை அமைப்புகளே இதைக் காத்துவந்தன. எனவே பிறமொழிக் கதையொன்று கன்னடம் பேச வேண்டுமானால் அதைப் புதிதாகப் படம்பிடிப்பதே வழி. 2015-இல் இந்தியப் போட்டி ஆணையம் இக்கட்டுப்பாட்டுக்கு எதிராக ஆணை பிறப்பித்தது. 2017-இல் ‘என்னை அறிந்தால்’ என்ற தமிழ்ப்படம் கன்னடம் பேசி வந்தது.

நகரத்தின் மொழிக்கலப்பையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். அல்சூரிலும் சிவாஜி நகரிலும் வாழும் தமிழர், நகரெங்கும் பரவியுள்ள தெலுங்கர், வேலைக்கு வந்த மலையாளிகள் ஆகியோர் மூலப்படத்தை அதன் மொழியிலேயே முன்கூட்டிப் பார்த்துவிடுவார்கள். இதனால் பெங்களூரில் மறுஆக்கத்தைப் பார்ப்பவர்களில் ஒரு பகுதியினர் எப்போதும் ஒப்பிட்டே பார்த்தனர்.

தொடக்கம்

கன்னடப் பேய்ப்படங்களுள் முதலில் பெரும் பெயர் பெற்றது ‘நா நின்ன பிடலாரே’ (1979). அனந்த் நாக்கும் லட்சுமியும் நடித்தனர், இசை ராஜன்-நாகேந்திரா. பெண்ணொருத்தியின் ஆவி ஓர் ஆணைப் பற்றிக்கொள்ளும் கதை. அமெரிக்கப் படமான ‘தி எக்சார்சிஸ்ட்’டின் (1973) சாயல் இதில் உண்டென்பர், எனினும் தீர்வு மந்திராலயத்து ராகவேந்திரரிடம் தேடப்படுவதால் முழுக்கத் தழுவல் என்று கொள்வதற்கில்லை. இது ‘மங்கள்சூத்ரா’ (1981) என இந்திக்குப் போனது. அதிலும் அனந்த் நாக் நடித்தார்.

1980-களைப் பற்றிக் குறிப்பிடத்தக்க செய்தி குறைவு. 1993-இல் உபேந்திரா இயக்கிய ‘ஷ்!’ என்ற கன்னடப்படம் வெளிவந்தது.

1990-களில் திரைக்கு வெளியே ஒரு பேய் நகரில் உலவியது. தெரிந்தவர் குரலில் இரவில் கதவைத் தட்டி அழைப்பாள் என்று நம்பப்பட்ட அவளைத் திருப்பி அனுப்ப, வீட்டுச் சுவர்களிலும் கதவுகளிலும் ‘நாளே பா’ (நாளை வா) என்று எழுதி வைத்தனர். அவளுக்கு எழுத்துத் தெரியும், எழுதியதை மதிப்பாள் என்ற நம்பிக்கை அதில் இருந்தது. தினமும் வந்து, தினமும் அதே வாசகத்தைப் படித்து, தினமும் திரும்பிப் போகும் அந்தப் பேயின் நாணயம் வேறெந்தத் திரைப்பேயிடமும் காணப்படாதது. ‘ஸ்த்ரீ’ (2018) என்ற இந்திப்படம் இதே செய்தியை எடுத்தாண்டது.

ஆப்தமித்ராவும் அதன் சுற்றமும்

இத்துறையில் மிகுதியான செய்திகள் கிடைப்பது 2004-ஐ ஒட்டிய ஆண்டுகளுக்கே. அவ்வாண்டில் வந்த ‘ஆப்தமித்ரா’வின் வேர், ஃபாசில் இயக்கிய மலையாளப் படமான ‘மணிச்சித்ரத்தாழ்’ (1993). எழுதியவர் மது முட்டம். ஆலப்புழைப் பகுதியிலுள்ள ஆலும்மூட்டில் தறவாட்டில் நடந்த கொலையே கதைக்குத் தூண்டுதல் என்பர். பத்மநாபபுரம் அரண்மனையிலும் திருப்பூணித்துறை ஹில் பேலஸிலும் படம்பிடிக்கப்பட்டது. ஷோபனாவுக்குத் தேசிய விருது கிடைத்தது. பூட்டிய அறையைத் திறக்கும் கங்கா என்ற மருமகள், அங்கே வாழ்ந்து மடிந்த நாகவல்லி என்ற நாட்டியக்காரியாகவே தன்னை நினைக்கத் தொடங்குவது கதை. நாகவல்லி தஞ்சாவூர்க்காரி. ஆகவே மலையாளப் படத்தில் பேய் தமிழ் பேசியது. அந்தத் தமிழ்க்குரல் குரல்கலைஞர் பாக்கியலட்சுமியுடையது என்றே நெடுங்காலம் எண்ணப்பட்டது. அது துர்கா என்ற குரல்கலைஞர் கொடுத்தது என்று ஃபாசில் பின்னாளில் தெரிவித்தார்.

கன்னட வடிவமான ‘ஆப்தமித்ரா’வை இயக்கியவர் தமிழ்த் திரையுலகைச் சேர்ந்த பி. வாசு. தயாரித்தவர், அதற்கு முன் தொடர்ந்து நட்டம் கண்டிருந்த நடிகர் துவாரகீஷ். இசை குருகிரண். விஷ்ணுவர்தன் மனநல மருத்துவராக வந்தார். ரமேஷ் அரவிந்த், பிரேமா, அவினாஷ் ஆகியோரும் நடித்தனர். கங்காவாக நடித்தவர் சௌந்தர்யா. கோலார் மாவட்டத்து முளபாகிலைச் சேர்ந்த இவர் தெலுங்கில் முன்னணி நாயகி; ‘அருணாச்சலம்’, ‘படையப்பா’ வழியாகத் தமிழருக்கும் அறிமுகமானவர்.

2004 ஏப்ரல் 17 அன்று, தேர்தல் பிரசாரத்துக்காகக் கரீம்நகர் செல்லவிருந்த சௌந்தர்யா, பெங்களூரு ஜக்கூர் விமானத்திடலிலிருந்து புறப்பட்ட சிறு விமானம் சில நிமிடங்களில் விழுந்ததில் இறந்தார். படம் ஆகஸ்ட் 27 அன்று வெளியானது. இறந்த பெண்ணொருத்தி இன்னொரு பெண்ணின் உடலில் எழுந்து ஆடும் காட்சியை, அதில் ஆடியவரும் உயிரோடில்லை என்று அறிந்தே நகரத்து மக்கள் பார்த்தனர். படத்தின் பெருவெற்றிக்கு இந்தத் துயரமும் காரணம் என்று சொல்வோர் உண்டு. விஷ்ணுவர்தனின் நடிப்பும் குருகிரணின் பாட்டுமே போதிய காரணம் என்பாரும் உண்டு.

கன்னடத்தில் நாகவல்லி தெலுங்குக்காரி ஆனாள். ‘ரா ரா’ என்ற அவள் பாட்டும் தெலுங்கே. படத்தைப் பார்த்த ரஜினிகாந்த் தமிழில் நடிக்க விரும்பினார் என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. பெங்களூரில் பிறந்து, அந்நகரத்துப் பேருந்துகளில் நடத்துநராக இருந்தவர் அவர். ‘சந்திரமுகி’ 2005 ஏப்ரல் 14 அன்று வெளியாகி, சென்னை சாந்தி தியேட்டரில் 890 நாள் ஓடியது. விஷ்ணுவர்தனின் ‘ஹௌலா ஹௌலா’ தமிழில் ‘லக லக லக’ ஆயிற்று. தமிழிலும் பேய் தெலுங்கே பேசியது. ‘பூல் புலையா’ (2007) என இந்திக்குப் போனபோது அவள் வங்காளி. எந்த மொழிக்குப் போனாலும் அவள் வேற்றூர்க்காரியாகவே இருந்தாள். அந்த வீட்டில் அவள் பேச்சு யாருக்கும் சொந்தமில்லை; அச்சத்தில் பாதி அங்கிருந்தே பிறக்கிறது. பெங்களூரிலோ தெலுங்கு அடுத்த வீட்டுப் பேச்சு. அங்கே நாகவல்லி சொல்வது பலருக்கும் நேரடியாகவே விளங்கியது.

எல்லா வடிவங்களிலும் மாறாமல் வருவது கட்டில் காட்சி. வெளியே போகக் கூடாது என்று கணவன் தடுக்கிறான். அவள் முதலில் கெஞ்சுவதுபோல் கேட்கிறாள். பிறகு கண் நிலைக்கிறது, குரல் இறங்குகிறது, மொழி மாறுகிறது. கனத்த கட்டிலை ஒற்றைக் கையால் தூக்கிவிடுகிறாள். ஷோபனா, சௌந்தர்யா, தமிழில் நடித்த ஜோதிகா, இந்தியில் நடித்த வித்யா பாலன் ஆகியோரை ஒப்பிடுவோர் வழக்கமாக எடுத்துக்கொள்ளும் காட்சி இதுவே. யார் சிறந்தவர் என்பதில் பெங்களூரில் ஒருமித்த கருத்து இல்லை. பெரும்பாலும் அவரவர் முதலில் பார்த்த மொழியைச் சார்ந்தே விடை அமைகிறது.

‘சந்திரமுகி’யின் கதை பி. வாசுவின் பெயரிலேயே வந்தது. மது முட்டம் பெயர் விடுபட்டது மலையாளத்தில் மனக்குறையாகப் பேசப்பட்டது. இந்திப் படத்தில் அவர் பெயர் இடம்பெற்றது. கன்னடப் படம் நேரடி வழிநூலா, வாசுவின் சேர்க்கைகளால் தனித்து நிற்பதா என்பது இன்றும் இருவகையாகப் பேசப்படுகிறது. இத்தகைய பிணக்கு புதிதன்று. ‘டிராகுலா’ நாவலை உரிமை பெறாமல் எடுத்த ஜெர்மானியப் படம் ‘நோஸ்ஃபெராட்டு’ (1922). பிராம் ஸ்டோக்கரின் மனைவி தொடுத்த வழக்கில் அதன் பிரதிகளை அழிக்க ஆணையானது. தப்பிய பிரதிகளால் பிழைத்த அப்படம் 1979-இலும் 2024-இலும் மறுபடி எடுக்கப்பட்டது.

வாசுவின் தொடர்ச்சிப் படம் ‘ஆப்தரக்ஷகா’, விஷ்ணுவர்தனின் 200-ஆவது படம் எனப்படுவது. நாகவல்லியின் ஓவியம் வேறொரு குடும்பத்தை வந்தடைகிறது. விஷ்ணுவர்தன் 2009 டிசம்பர் 30 அன்று மைசூரில் காலமானார். படம் 2010 பிப்ரவரியில் வெளியானது. முதற்படத்தின் நாயகியும் தொடர்ச்சியின் நாயகனும் தத்தம் படம் வெளியாவதைக் காணவில்லை. தெலுங்கில் இது ‘நாகவல்லி’ (2010) ஆனது.

பிற்காலம்

தமிழ்ப்படமான ‘காஞ்சனா’ (2011) கன்னடத்தில் ‘கல்பனா’ (2012) ஆனது, இயக்கம் இராம. நாராயணன். தாய்லாந்துப் படமான ‘அலோன்’, பெங்களூரில் பிறந்த ப்ரியாமணி நடிக்க ‘சாருலதா’ (2012) என்று கன்னடத்திலும் தமிழிலும் வந்தது. தமிழ்ப்படமான ‘பீட்சா’ கன்னடத்தில் ‘விசில்’ (2013) ஆனது.

பவன் குமாரின் ‘யூ டர்ன்’ (2016) எதிர்த்திசையில் சென்றது. பெங்களூரு டபுள் ரோடு மேம்பாலத்தில், சுற்றிப்போக மனமில்லாத இருசக்கர வண்டிக்காரர்கள் நடுவிலுள்ள தடுப்புக் கற்களை நகர்த்திவிட்டுத் திரும்பிப் போவார்கள். நகர்த்திய கல்லைத் திரும்ப வைப்பதில்லை. இந்தச் சின்ன அலட்சியமே கதையின் வித்து. கல்லை நகர்த்தியவர்களின் வண்டி எண்களைத் திரட்டும் பயிற்சிப் பத்திரிகையாளராக ஷ்ரத்தா ஸ்ரீநாத் நடித்தார். மலையாளம், தமிழ், தெலுங்கு, வங்காளம், இந்தி ஆகிய மொழிகளுக்கும் பிலிப்பைன்ஸுக்கும் இக்கதை போனது. தமிழில் சமந்தா நடிக்க, பவன் குமாரே 2018-இல் இயக்கினார். பாழடைந்த அரண்மனையோ பூட்டிய அறையோ வேண்டாத இப்பேய், நகரத்துத் தெருவிலிருந்தே பிறந்தது.

‘சந்திரமுகி 2’ 2023 செப்டம்பரில் வெளியானது. ‘மணிச்சித்ரத்தாழ்’ 2024 ஆகஸ்டில் 4கே தரத்தில் மீண்டும் திரைக்கு வந்தது. அதற்கு நான்கு மாதம் முன்பு, ஏப்ரல் 16 அன்று, சௌந்தர்யாவின் இருபதாம் நினைவுநாளுக்கு முந்தைய நாளில், ‘ஆப்தமித்ரா’வைத் தயாரித்த துவாரகீஷ் பெங்களூரில் காலமானார்.