ஆர்க் ஃபிளாஷ் பாதுகாப்பு: தாம்பரம் வட்டார வரலாறு

இரு மின்கடத்திகளுக்கு நடுவிலோ, கடத்திக்கும் தரைக்கும் நடுவிலோ காற்றின் வழியே மின்னோட்டம் பாய்ந்து, கண்மூடித் திறப்பதற்குள் கடும் வெப்பத்தையும் ஒளியையும் அழுத்த அலையையும் வெளியிடும் விபத்தே ஆர்க் ஃபிளாஷ். பணியிடங்களில் 'ஃபிளாஷ் ஆயிடுச்சு' என்பார்கள். மின்வில்லின் வெப்பம் 19,000 டிகிரி செல்சியஸ் வரை போகலாம். செம்புக் கட்டை உருகுவதோடு நிற்காமல் ஆவியாகிப் பல்லாயிரம் மடங்கு விரிவதால், பேனல் கதவே பிய்த்துக்கொண்டு பறக்கும். ஷாக் அடிக்க உடல் வழியே மின்சாரம் பாய வேண்டும். ஆர்க் ஃபிளாஷுக்கு எதிரே நின்றாலே போதும். இந்த வேறுபாடு சட்டத்துக்கும் தொழிலுக்கும் உறைக்க வெகுகாலம் பிடித்தது.

தென்சென்னைப் புறநகரில் பெரிய அளவிலான மின்பணி ரயில்வேயோடு தொடங்கியது. தென்னிந்திய ரயில்வே 1931இல் சென்னை கடற்கரை – தாம்பரம் மீட்டர்கேஜ் பாதையில் 1,500 வோல்ட் நேர்மின்சாரத்தில் ரயில்களை ஓட்டியது. நேர்மின்சாரத்தில் மூண்ட வில் எளிதில் அணையாது. காந்தப்புலத்தால் இழுத்து நீட்டி, 'ஆர்க் சூட்' என்ற அடுக்குத் தட்டுகளுக்குள் தள்ளித்தான் அணைக்க வேண்டும். 1967இல் பாதை 25,000 வோல்ட் மாறுமின்சாரத்துக்கு மாறியது. மாறுமின்னோட்டம் நொடிக்கு 100 முறை பூஜ்யத்தைத் தொடுவதால் பிரேக்கர் அணைப்பது எளிதானது. ஆனால் மின்னழுத்தம் உயர்ந்ததால், கம்பியைத் தொடாதவர் மீதும் மின்சாரம் பாயும் தூரம் கூடியது. மேல்நிலைக் கம்பிக்கு 2 மீட்டருக்குள் போகக்கூடாது, மின்தடை அனுமதி இல்லாமல் கை வைக்கக்கூடாது, வேலையிடத்தின் இருபுறமும் எர்த் ராட் மாட்ட வேண்டும் என்பவை மாறுமின்சாரப் பாதையின் அடிப்படை விதிகள். எர்த் ராடை முதலில் தண்டவாளத்திலும் பிறகே கம்பியிலும் மாட்ட வேண்டும். வரிசை மாறினால் ராட் பிடித்தவர் கையே பூமியாகிவிடும்.

சட்டம் வேறு பாதையில் நடந்தது. 1910ஆம் ஆண்டின் இந்திய மின்சாரச் சட்டம் மின் ஆய்வாளர் பதவிக்கு இடம் தந்தது. 1956ஆம் ஆண்டு விதிகள் மின்பணியாளருக்குக் கையுறை, ரப்பர் காலணி போன்றவற்றைக் கட்டாயமாக்கின. இவை எல்லாம் ஷாக்கை மனதில் வைத்தவை. ரப்பர் கையுறை விரலைக் காக்கும். முகத்தை நோக்கி வரும் தீப்பிழம்பை அதனால் என்ன செய்ய முடியும்? தமிழ்நாட்டின் தலைமை மின் ஆய்வாளர் அலுவலகம் கிண்டி திரு.வி.க. தொழிற்பேட்டையில் இருக்கிறது. உயரழுத்த இணைப்பு பெறும் தொழிற்சாலையின் வரைபடம் ஆய்வுத் துறையின் ஒப்புதலைப் பெற்றாக வேண்டும். 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 161ஆம் பிரிவு மின்விபத்துகளைத் தெரிவிப்பதைப் பற்றியது. 1956 விதிகளின் இடத்தை மத்திய மின்சார ஆணையத்தின் 2010 ஒழுங்குமுறைகளும், அவற்றின் இடத்தை 2023 ஒழுங்குமுறைகளும் பிடித்தன.

ஆர்க்கின் வெப்பத்தைக் கணக்கிடும் வழியை 1982இல் அமெரிக்கப் பொறியாளர் ரால்ஃப் லீ ஒரு கட்டுரையில் காட்டினார். தோலில் சதுர சென்டிமீட்டருக்கு 1.2 கலோரி விழுந்தால் இரண்டாம் நிலைத் தீக்காயம் தொடங்கும் என்பது இன்றைய அளவுகோல். 2002இல் ஐ.இ.இ.இ. 1584 என்ற கணக்கீட்டு வழிகாட்டி வந்தது, 2018இல் திருத்தப்பட்டது.

லீ எழுதிய காலத்தையொட்டித்தான், 1984இல், தாம்பரம் சானடோரியத்தில் மெப்ஸ் ஏற்றுமதி வளாகம் அமைந்தது. இத்தகைய வளாகங்களில் ஆபத்து தலைக்கு மேல் ஓடும் கம்பியில் இல்லை, 415 வோல்ட் பேனலுக்குள் இருக்கிறது. குறைந்த மின்னழுத்தம் என்று அலட்சியம் காட்டுவது இந்தத் தொழிலின் பழைய நோய். 1,000 கே.வி.ஏ. டிரான்ஸ்ஃபார்மரின் முழுச்சுமை மின்னோட்டம் ஏறக்குறைய 1,390 ஆம்பியர். அதன் இம்பிடன்ஸ் 5 சதவீதம் என்றால், ஷார்ட் ஆகும்போது 27,000 ஆம்பியருக்கு மேல் பாயலாம். வில் எவ்வளவு நேரம் எரிகிறதோ அவ்வளவுக்கு வெப்பம் ஏறும். பிரேக்கர் 0.1 நொடியில் விழுந்தால் உடை கருகுவதோடு தப்பக்கூடியவர், அது விழ அரை நொடி ஆனால் ஐந்து மடங்கு வெப்பத்தை வாங்குவார். ஆகவே பிரேக்கரை விழவைக்கும் ரிலேயின் செட்டிங்கைச் சரிபார்ப்பது எந்தக் கவச உடைக்கும் முந்திய பாதுகாப்பு. பாலியஸ்டர் சட்டையோடு பேனல் முன் நிற்பது தனி ஆபத்து. அது உருகித் தோலோடு ஒட்டும். ஆர்க் உடை நல்லதுதான். ஆனால் சித்திரை வெயிலில், ஏசி இல்லாத சுவிட்ச் ரூமில் அதை அணிந்து அரை மணி நேரம் வேலை செய்யச் சொல்பவர், ஒருமுறை தானும் அணிந்து பார்ப்பது நலம்.

மின்வாரியப் பணியாளர்களிடையே பாதுகாப்பின் உயிர்நாடி 'எல்.சி.' எனப்படும் லைன் கிளியர். துணைமின் நிலையத்தில் எல்.சி. வாங்கியவரே அதைத் திருப்பித் தர வேண்டும். எல்.சி. கைக்கு வந்த பிறகும் டெஸ்டரால் பார்த்தே எர்த் ராட் மாட்ட வேண்டும். டெட் என்று நம்பிய லைன் வேறு ஃபீடரிலிருந்தோ, அடுக்குமாடி ஜெனரேட்டரிலிருந்தோ உயிர்பெற்றிருந்தால், எர்த் ராட் மாட்டும் அந்த நொடியிலேயே ஃபிளாஷ் அடிக்கும். தெருவோரப் பில்லர் பாக்ஸில் ஃபியூஸ் போடும் கம்பியாளர் முகத்தைத் திருப்பி, உடலைப் பக்கவாட்டில் ஒதுக்கி, ஒரே வீச்சில் கேரியரை அழுத்துவார். எழுதிவைத்த விதி எதுவும் கற்றுத்தராமல் அனுபவம் தந்த பழக்கம் இது.

புதைவடம் பரவும் இடங்களில் ரிங் மெயின் யூனிட் பெட்டிகள் வருகின்றன. உள்ளே வில் மூண்டால் வெடிப்பை ஆளில்லாத பக்கம் திருப்பிவிடும் வகையில் சோதிக்கப்பட்ட பெட்டிகளைச் சர்வதேச தரநிலை ஐ.இ.சி. 62271-200 வரையறுக்கிறது. ஆனால் அந்தச் சோதனை, கதவு மூடியிருக்கும் நிலைக்குத்தான் பொருந்தும்.