மேடையில் ஆங்கிலம்

1945 இல் இலவசக் கல்வி வரும்வரை ஆங்கிலமூலக் கல்வி பெரும்பாலும் கட்டணம் செலுத்தக்கூடிய வீட்டுப் பிள்ளைகளுக்கே கிட்டியது. நாள் முழுதும் ஆங்கிலத்திலே கற்ற எமது மூத்த மாணவிகளுக்கு ஆங்கில மேடை பெரிய சோதனையன்று. பின்னர் போதனாமொழி படிப்படியாகத் தமிழாயிற்று. சரித்திரமும் விஞ்ஞானமும் எமக்கு நன்றாக விளங்கின. ஆங்கிலமோ நேரசூசியில் ஒரு பாடமாக ஒடுங்கியது.

நாம் படித்த காலத்தில் ஆங்கில தினப் போட்டிக்கு ரீச்சர் எழுதித் தருவார், நாம் பாடமாக்குவோம். பரிசுகளும் வந்தன. ஆனால் நடுவில் ஒரு சொல் மறந்தால் பேச்சு அங்கேயே நின்றுவிடும். தமிழ் விவாதத்தில் எதிரணியை மடக்கியவர்களே ஆங்கிலத்தில் ஒரு கேள்வி கேட்கக் கூசினர்.

வெள்ளிக்கிழமை மன்றக் கூட்டந்தான் அதை மாற்றியது. பெட்டிக்குள் தலைப்புத் துண்டுகள் கிடக்கும்: மழைக்காலம், பஸ் பயணம், நுங்கு. எடுத்தவர் இரண்டு நிமிடம் பேசவேண்டும். பேசி முடியுமுன் எவரும் பிழை திருத்தக்கூடாது என்பது கண்டிப்பான விதி. (இலக்கண ரீச்சருக்கு அது பெருஞ்சோதனை!) நுங்குக்கு ஆங்கிலச் சொல் தெரியாத மாணவி, அதை வெட்டும் விதத்தையும் பெருவிரலால் தோண்டி உறிஞ்சும் விதத்தையும் சொல்லியே சமாளித்தாள். பாடமாக்கிய பேச்சு எதற்கும் அத்தனை கைதட்டல் கிடைத்ததில்லை.

பின்னாளில் கொழும்பில் வேலைக்கான நேர்முகப் பரீட்சையிலும், இலண்டனிலும் ரொறன்ரோவிலும் அகதி விண்ணப்ப விசாரணையிலும் எமக்கு எவரும் எழுதித் தரவில்லை.